குண்டு எங்கே போய் நிற்கும்?

முப்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குத் திடீரென்று சில ஆசைகள் தலைகாட்டும். சிலர் கிடார் வாங்குவார்கள். சிலர் மாரத்தான் என்று சொல்லிக்கொண்டு விடிகாலையில் தெருநாய்களின் தூக்கத்தைக் கெடுப்பார்கள். சிலர் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூரா பிரித்துப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் ஆபீஸ் போவார்கள். எனக்கு வந்தது ரைஃபிள் ஆசை.

உடனே பயந்துவிடாதீர்கள். மேனேஜர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். யாரையும் சுடுகிற உத்தேசம் இல்லை. காக்கா குருவியைக்கூட இல்லை. (அது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வம்பில் கொண்டுபோய் விடும்.) எதிரே ஒரு காகிதம். அதில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் ஒரு ஓட்டை போட வேண்டும். அதற்குத் தோதாக, சின்ன காலிபரில், கைக்கு அடக்கமாக ஒரு ரைஃபிள். அவ்வளவுதான் ஆசை.

இந்த வியாதி நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே தொற்றிக்கொள்கிறது. தீபாவளிக்கு வாங்கும் கேப் துப்பாக்கியில் ஆரம்பம். அப்புறம் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஜெய்சங்கர். அப்புறம் மெரினாவில் பலூன் சுடும் கடை. (அந்தத் துப்பாக்கிகளின் குறிமுள் எந்தத் திசையைக் காட்டும் என்பது கடற்கரைக் காற்றுக்கே வெளிச்சம்.) எனக்கு இதோடு கல்லூரி என்.சி.சி.யும் சேர்ந்துகொண்டது. பி.காம். இரண்டாம் வருடத்தில், கேம்ப்பில், தரைவிரிப்பில் குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டேன். காதருகே 'டப்' என்று ஒரு சத்தம், மூக்கில் லேசாக மருந்து வாசனை. ஐந்தே ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு டெபிட், கிரெடிட் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. வாசனை மட்டும் போகவில்லை.

ஆபீஸில் வாயைத் திறந்து சொன்னால் போச்சு. இந்தியாவில் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த விஷயம் துப்பாக்கி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பர்ச்சேஸ் செக்‌ஷன் நண்பர், "வேகம் எவ்வளவுன்னு பாரு. செகண்டுக்கு ஆயிரம் அடி போகணும். அதுக்குக் கீழே வாங்காதே" என்றார். அவர் வாழ்நாளில் வாங்கியது ஸ்டேப்ளர் பின் மட்டும்தான். இன்னொருவர் ஜெர்மன் சரக்குதான் சரக்கு என்றார். மூன்றாமவர், "மொட்டை மாடி இருக்கில்லே? அப்புறம் என்ன? காலி டப்பாவை வெச்சு சுட வேண்டியதுதானே?" என்றார்.

என் மாமனார் வேலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் என்று சொல்லும்படியான ஊர். அவரும் ஹவில்தாராக ரிடையர் ஆனவர். அவர் தோளில் சுமந்தது துப்பாக்கி எஸ்.எல்.ஆர். நான் ஓட்டியது சைக்கிள் எஸ்.எல்.ஆர். ஆகவே இந்த விஷயத்தில் எங்களுக்குள் சீனியாரிட்டி பிரச்னை கிடையாது. சாவகாசமாகக் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். என்ன ரைஃபிள், என்ன விலை, எந்தக் கம்பெனி என்றெல்லாம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சுடறது சரி மாப்ளே. குண்டு எங்க போயி நிக்கும்?"

"அட்டையில படும் மாமா."

"படாம போச்சுன்னா?"

நான் காபியைக் குடித்தேன்.

"பட்டாளத்துல முதல்ல பட்ஸைத்தான் பாப்போம். அட்டைக்குப் பின்னால இருக்கற மண்மேடு. அது சரியா இருந்தாத்தான் துப்பாக்கியைக் கையில எடுப்போம். நீங்க துப்பாக்கியை முதல்ல பாக்கறீங்க."

ரைஃபிள் வாங்குவது பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ யோசனை சொன்னார்கள். இந்த ஒரு கேள்விக்கு ஈடாக எதுவும் வரவில்லை. நாம் வாங்குவது துப்பாக்கியை என்று நினைக்கிறோம். நிஜத்தில் வாங்குவது, அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குண்டும் எங்கே போய் நிற்கும் என்பதற்கான பொறுப்பை.

*

.22 என்றால் என்ன? குழலின் விட்டம் ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு. நம் கணக்கில் சுமார் 5.6 மில்லிமீட்டர். இன்றைக்கு உலகம் பூரா புழங்கும் '.22 லாங் ரைஃபிள்' தோட்டா 1887-ல் அமெரிக்காவில் வந்தது. பார்த்தால் பென்சில் துண்டு மாதிரி பரம சாதுவாக இருக்கும். இதன் குண்டு வழக்கமாக 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். நகைக்கடை பாஷையில் சொன்னால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பவுன். ஒரு கல் மோதிரத்தின் எடை.

இந்தக் கல் மோதிரம் விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால், குழலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சுட்டால், ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். இரண்டு மூன்று பஸ் ஸ்டாப் தூரம். அங்கே நிற்கிறவருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. சென்னையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஆளில்லாத இடம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். வங்காள விரிகுடாவைத் தவிர. அங்கேயும் மீனவர்கள் இருக்கிறார்கள்.

"அப்ப ஏர்கன் வாங்கு. அது சும்மா காத்துதானே?" என்பார்கள். இந்த 'சும்மா' என்ற வார்த்தையில்தான் எனக்குச் சண்டை.

கரூர்ப் பக்கத்து கிராமத்தில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். என்னைவிட நாலு வயது பெரியவர். பத்து வயதில், அடுத்த வீட்டுப் பெரிய பையன் ஒருவன் துவைக்கிற கல்லின் மேல் பவுடர் டப்பாவை வைத்து ஏர்கன்னால் சுட்டதை, அண்ணன் பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். ரவை டப்பாவில் படவில்லை. கல்லில் பட்டுத் தெறித்தது. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் மாற்றி மாற்றி அலைந்தார் பெரியப்பா. இடது கண் திரும்பவில்லை. இன்றைக்கு அண்ணன் ஹார்டுவேர் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் போகும்போது மட்டும், இடப்பக்கம் பார்க்க முகத்தை முழுசாகத் திருப்புவார். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "வெறும் ஏர்கன்தான்னு சொன்னாங்கடா" என்றார். அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், குண்டின் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் அந்த ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்கு முந்தைய விதிகளில் வேடிக்கையான ஒரு பரீட்சை இருந்தது. ஒரு அங்குல கனமுள்ள மென்மரப் பலகையை ஐந்தடி தூரத்தில் வைத்துச் சுட வேண்டும். பலகையைத் துளைத்து வெளியே வராவிட்டால் பாஸ். நல்ல பரீட்சைதான். ஆனால் பலகையைத் துளைக்காத ரவை கண்ணைத் துளைக்காது என்று எந்த விதியும் சொல்லவில்லை. லைசென்ஸ் வேண்டாம் என்பது சர்க்காருக்கும் நமக்கும் உள்ள கணக்கு. ரவைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஆகவே மொட்டை மாடி, காலி டப்பா, தண்ணீர்த் தொட்டிச் சுவர் எல்லாம் என் லிஸ்ட்டிலிருந்து அடித்துத் தள்ளப்பட்டன. கான்கிரீட்டும் கல்லும் ரவையைத் திருப்பி அனுப்பும் ஜாதி. மாடிக்கு எதிரே இன்னொரு மாடி. அங்கே ஒரு அம்மாள் வடகம் பிழிந்துகொண்டிருப்பார்.

*

முதலில் ரைஃபிளைத் தேடாமல் ரைஃபிள் கிளப்பைத் தேடினேன். இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் தலைமைச் சங்கம் தேசிய ரைஃபிள் சங்கம். 1951-ல் ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் ஜி.வி.மாவ்லங்கர். லோக்சபாவின் முதல் சபாநாயகரும் அவர்தான். சபையில் 'அமைதி, அமைதி' என்று சொல்லிப் பழகியவர் சத்தம் வருகிற விளையாட்டுக்குத் தலைவரானது பொருத்தமா இல்லையா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ரொம்பப் பொருத்தம். இந்த விளையாட்டுக்கு வேண்டிய முதல் சாமானே அமைதிதான்.

கிளப்புக்கு மாமனாரையும் அழைத்துப் போனேன். பத்து மீட்டர் ஹால். நீளமான மேஜை, அதன் மறுபக்கம் வரிசையாக அட்டைகள். பயிற்சியாளர் இளைஞர். என்னிடம் ஒரு ரைஃபிளைக் கொடுப்பதற்கு முன்னால் அதைத் திறந்து, உள்ளே காலி என்று காட்டினார். நான் வாங்கி மாமனாரிடம் நீட்டினேன். அவர் கைக்கு வந்ததும், எங்கள் இருவர் கண்ணெதிரே திறந்து காட்டியதை அவரும் பார்த்திருந்தும், மறுபடி ஒரு தடவை திறந்து பார்த்தார். பயிற்சியாளர் சிரித்தார். "சார் சர்வீஸா?" என்றார். நாற்பது வருஷத்துக்கு முந்தின பழக்கம். யார் சொன்னாலும் நம்பாதே, நீயே பார் என்பதுதான் அதன் சாராம்சம். ஆடிட்டிங்கிலும் எங்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சுடுகிறவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டு ரைஃபிள்களைக் கீழே வைத்த பிறகு, மாமனார் அட்டைக்குப் பின்னால் போனார். சாய்வாக வைத்திருந்த இரும்புத் தகடு, கீழே ரவை விழுகிற தொட்டி, பின்னால் ஜன்னலோ கதவோ இல்லாத சுவர். தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இங்க நிக்கும். இப்ப துப்பாக்கி பாருங்க மாப்ளே."

*

சரி, இப்போது பார்க்கலாம். கடை .22-ஆ, 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளா?

இரண்டுமே ராஜ பரம்பரைதான். 2008 ஆகஸ்ட் 11-ம் தேதி பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது ஏர் ரைஃபிளில். ஃபைனலில் கடைசிக் குண்டுக்கு முன்னால் ஃபின்லாந்துக்காரர் ஒருவரும் அவரும் சமம். அந்த நிலைமையில் நாமாக இருந்தால் பாத்ரூம் எங்கே என்று கேட்டிருப்போம். பிந்த்ரா 10.8 சுட்டார். ஒரு குண்டுக்கு அதிகபட்சமே 10.9-தான். 2012-ல் லண்டனில் அதே ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது நம்ம சென்னையில். உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில்.

.22-க்கு வந்தால், 2024-ல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். நின்று, மண்டியிட்டு, படுத்து என்று மூன்று நிலைகளிலும் சுட வேண்டிய போட்டி. அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 'ஆபீஸ் போகிறவனுக்கு இதெல்லாம் எங்கே சார் நேரம்?' என்று என்னைப் போலப் புலம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

.22-க்கு லைசென்ஸ் கட்டாயம். ஆனால் இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவே, மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப்பின் அங்கத்தினர் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காக .22 ரைஃபிள் கேட்டால் லைசென்ஸ் தர இடம் செய்திருக்கிறது. சட்டத்திலேயே பெயர் சொல்லி மரியாதை செய்யப்பட்ட ரைஃபிள் இது! 21 வயது முடிந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்றிதழ், பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் உண்டு. சென்னை மாதிரி நகரங்களில் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். நம் ஊரில் தேர்தல் எத்தனை வகை, எத்தனை தடவை என்று உங்களுக்கே தெரியும்.

செலவு? ஏர் ரைஃபிளின் ரவையைச் சில்லறைக் காசில் எண்ணலாம். .22 தோட்டாவை டீ, வடைக் கணக்கில் எண்ண வேண்டும். ஒரு சாயங்காலத்தில் அறுபது தடவை சுட்டால் அறுபது டீ! தவிர, சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பவும் முடியாது. தீப்பற்றும் மருந்து அதன் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி விளிம்பில் அடித்ததும் அதன் கதை முடிந்தது.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது டீக்கணக்கு அல்ல. வேறொரு கணக்கு. போட்டி ஏர் ரைஃபிளின் ரவை அரை கிராம். ஒரு மூக்குத்தி. அது விநாடிக்கு 170 மீட்டர் சுமாருக்குக் கிளம்புகிறது. சக்தி ஏழு ஜூல். .22 குண்டின் சக்தியோ 140 ஜூல். இருபது மடங்கு. அட்டையில் ஓட்டை போடுவதற்கு ஏழு ஜூல் போதும் என்றால், மீதி 133 ஜூலை நான் எதற்காக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்? எட்டு வயதுப் பையன் இருக்கிற வீடு. அந்த இருபது மடங்கு, ஐம்பது மீட்டர் மைதானம் இருக்கிறவர்களுக்கு. கிளப்பில் அது இருக்கிறது. அங்கே போய், அவர்கள் ரைஃபிளில், அவர்கள் கண்ணெதிரே சுட்டுக்கொள்கிறேன். இஷாப்பூர் தொழிற்சாலையின் .22 ஸ்போர்ட்டிங் ரைஃபிளின் மேல் எனக்கு இன்னமும் ஆசை உண்டு. ஆசைப்படுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

ஆக, சொந்தத்துக்கு ஏர் ரைஃபிள்.

*

ஏர் ரைஃபிளிலும் ஜாதி உண்டு. ஸ்பிரிங் வைத்தது ஒன்று. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். ட்ரிகரை அழுத்தினால் ஸ்பிரிங் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று ரவையைத் தள்ளும். கூட்டுக் குடும்பம் மாதிரி ஒவ்வொருவரும் அடுத்தவரைத் தள்ளி முடிப்பதற்குள், ரைஃபிள் பின்னாலும் முன்னாலும் ஒரு ஆட்டம் ஆடிவிடும். இத்தனையும் ரவை குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்னால். அதனால் இதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தூங்குகிற குழந்தையை ஏந்துகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, லேசாக ஏந்த வேண்டும். ரவை போடாமல் 'சும்மா' சுட்டுப் பார்ப்பதும் ஆகாது. தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் மோதிக் கெட்டுவிடும்.

இன்னொன்று, சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றில் இயங்குவது. 200 பார் அழுத்தம் சர்வசாதாரணம். இதில் ஆட்டம் கிட்டத்தட்ட கிடையாது. போட்டிகளில் எல்லோரும் வைத்திருப்பது இதுதான். விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். காற்றுதானே, சும்மா கிடைக்குமே என்று நினைத்தால், அதை அடைக்கிற பம்ப்பின் விலையைக் கேட்டதும் நமக்குக் காற்று போய்விடும்.

வேகம், வேகம் என்றாரே பர்ச்சேஸ் நண்பர்? ஒலிம்பிக் ரைஃபிளின் வேகம் விநாடிக்கு ஐந்நூற்றைம்பது அடிதான். பத்து மீட்டரில் அட்டை எங்கும் ஓடிப்போய்விடாது. அவசரம் எதற்கு? ஒரே இடத்தில் ஒரே மாதிரி போய் விழுவதுதான் விஷயம். தட்டை மூக்கு ரவைதான் அட்டைக்குச் சரி. கம்பாஸால் வெட்டிய மாதிரி வட்டமாக ஓட்டை போடும், மார்க் எண்ணுவது சுலபம். ரவை ஈயம். ஆகவே வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற பழக்கம் வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சமோசா.

கம்பெனிப் பெயர் முக்கியமா? பெயரில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், நிறைய வேடிக்கை இருக்கிறது. நான் ஓட்டிய பி.எஸ்.ஏ. சைக்கிள் அம்பத்தூரில் தயாரானது. ஆனால் பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் ஆரம்பித்த துப்பாக்கிக் கம்பெனி. சைக்கிள் எல்லாம் அப்புறம் வந்தது. திருவொற்றியூர்ப் பெருமையான ராயல் என்ஃபீல்டின் பெயரிலும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மில் பாதிப் பேர் தெரியாமலே துப்பாக்கிக் கம்பெனியின் மேல் உட்கார்ந்துதான் காலேஜுக்குப் போயிருக்கிறோம். ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் 1856-லிருந்து இதே தொழிலில் இருக்கிறது. அதைத் தோளில் வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை சட்டை மாதிரி உட்கார்ந்தது. விலையைக் கேட்டதும் மரியாதையாக இறக்கி வைத்தேன். இன்றைக்கு உள்நாட்டிலேயே தைரியமாக வாங்கும்படியான ஏர் ரைஃபிள்கள் வருகின்றன.

பெயரைவிட நம் உடம்பு முக்கியம். போட்டி ஏர் ரைஃபிள் அதிகபட்சம் ஐந்தரைக் கிலோ இருக்கலாம். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி, முகத்துக்கு நேரே, ஆடாமல் பிடித்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்று பாருங்கள். அறுபது குண்டு சுடுவதற்குப் போட்டியில் தருகிற நேரம் அது. ஆகவே ஆரம்பத்தில் மூன்று, மூன்றரைக் கிலோ போதும். கட்டை தோளில் உட்கார்ந்ததும் கழுத்தை நீட்டாமல், கூன் போடாமல் கண் தானாகவே குறிக்கு நேரே வர வேண்டும். ட்ரிகர் எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பஸ் கண்டக்டர் பெல் கயிற்றை இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டியிருந்தால் அந்த ரைஃபிள் வேண்டாம்.

கண்ணிலும் ஒரு ரகசியம் உண்டு. இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிச் சேர்த்து, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் அங்கேயே இருந்தால் திறந்திருக்கிற கண்தான் உங்கள் வீட்டுத் தலைவர். மறைந்துபோனால் மற்றது. வலது கைக்காரர்களிலும் சிலருக்கு இடது கண் தலைவராக இருக்கும். இது தெரியாமல் ரைஃபிள் வாங்கினால் ஜென்மம் முழுக்க ரைஃபிளைத் திட்டிக்கொண்டிருப்போம். டெலஸ்கோப் வேண்டாம். இந்தப் போட்டிகளில் அதற்கு அனுமதியும் இல்லை. கண்ணுக்கருகே ஒரு ஊசித் துவாரம், குழல் முனையில் ஒரு வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம். இத்தனைதான்.

இதையெல்லாம் கடையில் நின்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிக்க முடியாது. கிளப் ரைஃபிள்களில் மாதக்கணக்கில் சுட்டுப் பார்த்துத்தான் எனக்கு என் தோளின் அளவும் விரலின் குணமும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பர்ஸைத் திறந்தேன்.

*

வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றி மனைவியோடு பேச்சுவார்த்தை நடந்தது. தூதரக மட்டத்தில் அல்ல, சமையலறை மட்டத்தில்.

"என்னங்க, இவன் கூட்டாளிங்க சனிக்கிழமை ஆனா எட்டுப் பேர் வர்றாங்க. ஒருத்தன் பீரோவைத் திறப்பான், ஒருத்தன் கட்டிலுக்கடியில போவான். நீங்க பாட்டுக்கு ஆபீஸ்ல இருப்பீங்க."

இது மாமனாரின் கேள்விதான். வேறு சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது. உடன்பாடு இப்படி ஆயிற்று. ரைஃபிள் பூட்டிய பெட்டிக்குள். பெட்டி எங்கள் அறையில். ரவை டப்பா வேறு இடத்தில், வேறு பூட்டில். சாவி அவளிடம். பையனுக்கு ஒளித்து மறைக்காமல் ஒரு நாள் திறந்து காட்டியாயிற்று. மறைத்து வைத்த சாமானைத்தான் குழந்தைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள். பெரியப்பாவின் கண்ணைப் பற்றியும் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தெரியாம யாராவது நடுவுல வந்துட்டா என்னப்பா பண்ணுவே?" என்றான். "அதனாலதான்டா கிளப்ல மட்டும்" என்றேன். வீட்டில் ஒரு ரவைகூடச் சுட்டதில்லை.

இப்போது வாரம் ஒரு சாயங்காலம் கிளப். பத்து மீட்டர் அட்டையின் மொத்த வளையங்களும் சேர்ந்து 45.5 மில்லிமீட்டர்தான். அதில் பத்து மார்க் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ரவையே அதைப் போல ஒன்பது மடங்கு பெரிசு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, குறி பார்த்து, ஏழெட்டு விநாடிக்குள் விரல் ஒத்துழைத்தால் சுட வேண்டும். ஒத்துழைக்காவிட்டால் ரைஃபிளைத் தாழ்த்தி, மறுபடி முதலிலிருந்து. சுடாமல் தாழ்த்துகிறவன்தான் இங்கே கெட்டிக்காரன். ஆபீஸில் வந்த மெயிலுக்குச் சுடச்சுடப் பதில் எழுதிவிட்டுப் பிறகு முழிக்கிறவர்களை நினைத்துக்கொள்வேன்.

உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், வாங்குகிற வரிசை இதுதான். முதலில் சுவர். பிறகு கிளப். பிறகு உங்கள் கண், தோள், விரல். வீட்டில் பெட்டியும் பூட்டும். கடைசியில் ரைஃபிள். இந்த வரிசையில் போனால் எந்த ரைஃபிள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் தானாகவே வந்துவிடும். தலைகீழாகப் போனால் எவ்வளவு நல்ல ரைஃபிளும் கெட்ட ரைஃபிள்தான்.

போன வாரம் ஒரு அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்து ரவையில் ஏழு, கறுப்புக்கு நட்ட நடுவில் ஒரே ஓட்டையாக விழுந்திருந்தன. மனைவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்ளோ செலவு, இவ்ளோ பூட்டு, வாரா வாரம் இவ்ளோ பெட்ரோல். கடைசியில பேப்பர்ல ஓட்டைதானா?"

"ஆமாம்" என்றேன் பெருமையாக. "வேற எதுலயும் இல்லே."